வீட்டு இணையம் கைமாறும் காலம்

“தங்கள் இல்லத்துக்கு வழங்கப்பட்டுவரும் சேவை குறித்த திகதியுடன் நிறுத்தப்படும்” என்னும் அறிவித்தல் வந்ததும், பெரும்பாலான வீடுகளில் இரண்டிலொன்று நிகழ்கின்றது. “பிறகு பார்ப்போம்” என்று கடிதம் மேசை இழுப்பறைக்குள் போகும். அன்றேல், அன்று மாலையே படலையடிக்கு வந்த முதல் விற்பனை முகவரிடம் கையொப்பம் இட்டுக் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் நட்டத்திலேயே முடிவன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதொரு வழி உண்டு. அதனை இக்கிழமை ஆராய்வோம்.

எமது ஒழுங்கையில் வசிக்கும் இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் அண்மையில் இத்தகைய அறிவித்தலொன்றுடன் எம்மிடம் வந்தார். கம்பனியின் பெயர் இங்கே வேண்டியதில்லை. அறிவித்தல் கைத்தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தி. அதுவும் ஆங்கிலத்தில் மட்டும். தமிழ் வீடுகளுக்குச் சேவை விற்றபோது தமிழ் தெரிந்திருந்த கம்பனிக்குச் சேவையை நிறுத்தும்போது மட்டும் தமிழ் மறந்துபோவது விந்தையே. அம்மையாரின் பேர்த்தி க.பொ.த. உயர்தர வகுப்பில் பயில்பவள். மாலை வகுப்புகளில் இரண்டு இணையத்தின் மூலம் நடைபெறுகின்றன. மகன் குடும்பம் ரொறன்ரோவில். ஞாயிறு தோறும் பேரப்பிள்ளைகளின் முகத்தைத் திரையிற் கண்டு பேசுவதே அவருக்குக் கிழமையின் திருநாள். “தம்பி, இந்த ஊரிலே ரயில் நின்றதைக் கண்டேன், மின்சாரம் நின்றதைக் கண்டேன், தொலைபேசி நின்றதையும் கண்டேன். அவை நின்றபோது எவரும் முன்கூட்டி அறிவித்தல் அனுப்பவில்லை. இப்போது அறிவித்துவிட்டு நிறுத்துகிறார்களே, அந்த மட்டில் இது முன்னேற்றந்தான்” என்றார்.

அவர் கூற்றில் ஏளனம் உண்டு, உண்மையும் உண்டு. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மீண்டும் மூண்ட யுத்தத்தோடு யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தையும் தொலைபேசியையும் ரயிலையும் ஒருங்கே இழந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி, வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கின்றது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்பதற்காகப் பெற்றோர் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் பயணப்பட்டனர். 2002ஆம் ஆண்டு யுத்த நிறுத்தத்தின் பின்னரே கைத்தொலைபேசி இங்கு பொதுமக்கள் கைக்கு எட்டிற்று. ‘தொடர்பாடல் நிலையம்’ என்ற பலகை தொங்கிய கடைகளில் வாங்கில் அமர்ந்து அழைப்புக்குக் காத்திருந்த நாட்களை இன்றைய மாணவர் கதையாகவே கேட்பர். பின்னர் வீட்டுக்குள் வைக்கும் கம்பியில்லாத் தொலைபேசி, சி.டி.எம்.ஏ. என்னும் முறையில், பல வீடுகளிலும் இடம்பிடித்தது. அக்கருவிகளிற் பல இன்று பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. யாழ்தேவி 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்து சேர்ந்தது; ஆனால், காலங் கடந்த தொழில்நுட்பம் அவ்வாறு திரும்பி வருவதில்லை.

சேவை நிறுத்தம் என்பதில் இரண்டு வகை உண்டு. முதலில் எது எனத் தெரிந்துகொள்வது நன்று. ஒன்று, கம்பனி கைமாறுவது. 1989இல் செல்டெல் என்று தொடங்கிய கைத்தொலைபேசிக் கம்பனி 2007இல் டிகோ ஆயிற்று. 2010இல் எதிசலாத் ஆயிற்று. 2018இல் ஹட்ச்சுடன் சேர்ந்தது. 1996இல் அனுமதி பெற்ற சன்ரெல் 2012இல் டயலொக்கிடம் போயிற்று. 2009இல் இலங்கையிற் சேவை தொடங்கிய எயார்ரெல்லும் 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதே டயலொக்குடன் இணைந்தது. இத்தகைய மாற்றங்களிற் பெரும்பாலும் இலக்கமும் இணைப்பும் தொடரும்; பட்டியலின் தலைப்புத்தான் மாறும். இதற்காக வீட்டாரைக் கலக்க வேண்டியதில்லை. புதிய கட்டண விபரத்தை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தாற் போதும்.

மற்றையது, முறையே மாறுவது. செப்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியிழை, சி.டி.எம்.ஏ.க்குப் பதிலாக நான்காந் தலைமுறை அலை என்பன இவ்வகை. இதில் வீட்டிலுள்ள கருவி பயனற்றுப்போகும். கவனம் வேண்டுவது இங்கேதான்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த தொல்லையென்று எண்ணவேண்டாம். அவுஸ்திரேலியாவில் தேசிய அகலக்கற்றை வலையமைப்பு ஓரிடத்துக்கு வந்ததும், பழைய செப்பு இணைப்பிலிருந்து மாறுவதற்குப் பொதுவாகப் பதினெட்டு மாதத் தவணை கொடுத்தார்கள். பிரித்தானியாவில் பழைய தொலைபேசி முறையை 2025 டிசம்பருடன் நிறுத்துவதென்றிருந்தார்கள். தனித்து வாழும் முதியோர் கழுத்தில் அணியும் அபாய மணி அக்கம்பியிலேயே தங்கியிருப்பது பெரும் பிரச்சினையாகவே, 2024இல் அந்நாளை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். அமெரிக்காவில் ஏ.ஓ.எல். கம்பனி, தொலைபேசியைச் சுழற்றி இணையத்தோடு இணையும் பழைய சேவையை 2025 செப்ரெம்பர் 30ஆம் திகதிதான் மூடியது. செல்வம் படைத்த நாட்டிலும் அதுவரை அதனைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள் என்பது நம் கிராமத்து முதியோருக்குச் சிறிது ஆறுதலாகலாம். இவற்றுள் பிரித்தானியர் செய்த காரியமே எமக்குப் பிடித்தது. கம்பனியின் வசதியைவிடக் கிழவியின் கழுத்து மணியைப் பெரிதாகக் கருதி நாளைத் தள்ளிவைத்தார்களல்லவா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். புதிய இணைப்பைத் தேடும்போது விளம்பரத்திற் காணும் வேகத்தை நம்பிப் பயனில்லை. உங்கள் ஒழுங்கைக்கு எது வருகிறதென்பதே கேள்வி. ஒளியிழை பிரதான வீதிவரை வந்திருக்கும், உள்ளொழுங்கைக்கு வந்திராது. “விரைவில் வரும்” என்ற முகவரின் வாக்குறுதியைக் கைப்பிடித்துப் பழைய சேவையை இழந்துவிடக் கூடாது. அயல்வீட்டாரிடம் கேளுங்கள். பகல் பதினொரு மணிக்கு எந்த இணைப்பும் நன்றாகவே ஓடும். இரவு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், ஊர் முழுவதும் நாடகமும் வகுப்பும் வெளிநாட்டுப் பேச்சுமாயிருக்கும் வேளையில், எப்படி ஓடுகிறதென்று கேளுங்கள். நான்காந் தலைமுறை அலையில் வரும் வீட்டிணைப்புக்கு இக்கேள்வி மிக அவசியம். ஒரு கோபுரத்தின் ஆற்றலை அச்சுற்றுவட்டாரம் முழுவதும் பங்கிட்டுக்கொள்வதால் மாலையில் அது தளர்வது இயல்பு. இயலுமாயின், அதே கம்பனியின் சிம் ஒன்றைக் கைத்தொலைபேசியிற் செருகி, உங்கள் வீட்டிலேயே இரண்டு மாலை சோதித்துப் பாருங்கள். அதற்குச் செலவாவது சிறு தொகையே.

பழைய செப்புக் கம்பிக்கு ஒரு நற்குணம் இருந்தது. தொலைபேசி நிலையத்திலுள்ள மின்கலங்களிலிருந்து சுமார் 48 வோல்ற்று மின்சாரம் அக்கம்பி வழியே வந்தமையால், ஊரெல்லாம் இருளில் மூழ்கினாலும் சாதாரண தொலைபேசி பேசும். ஒளியிழை கண்ணாடி, அதில் ஒளி செல்லும், மின்சாரம் செல்லாது. ஆகவே வீட்டில் மின்சாரம் போனால், சுவரிலுள்ள சிறு பெட்டியும் ரவுட்டரும் அணைந்து, அவற்றோடு தொலைபேசியும் ஊமையாகிவிடும். 2022ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். முதியோரோ நோயாளரோ உள்ள வீட்டில், ரவுட்டருக்கென்றே விற்கப்படும் சிறு மின்கலப் பெட்டியொன்றை வாங்கி வைத்தல் வீண்செலவாகாது. சில மணித்தியாலம் தாங்கும். வாங்குமுன் ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ற்று அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்க. அளவு பிசகினால் கருவி எரிந்துபோகும்.

அதே கண்ணாடிக் குணம் ஐப்பசி மாதத்தில் நன்மையாகின்றது. பின்னேர இடிமழைக் காலத்தில் மின்னல் செப்புக் கம்பி வழியே வந்து ரவுட்டரைக் கருக்கிய வீடுகள் அநேகம். ஒளியிழை மின்னலை உள்ளே கொண்டுவராது. எனினும் மின்சுவர்ச் செருகி வழியே அது வரலாம். ஆதலால் இடிமுழங்கும்போது செருகியைக் கழற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதும் சிறு விடயமன்று. கம்பி பூட்ட வருபவர் தமக்கு இலகுவான மூலையில், பெரும்பாலும் முன்விறாந்தையில், பூட்டிவிட்டுப் போவார். நம் பழைய நாற்சார வீடுகளின் சுண்ணாம்புக்கற் சுவர்கள் தடித்தவை. அலை அவற்றை ஊடுருவ மிகவும் இடர்ப்படும். பிள்ளை படிக்கும் அறை எது, பெரியவர் இருந்து பேசும் இடம் எது என்று அவர் வருமுன்னரே தீர்மானித்து, வீட்டின் நடுப்பகுதியில் உயரமான இடத்தைக் காட்டுங்கள். இரண்டு பெயரில் வைஃபை தெரிந்தால், 5 கிகாஹேட்ஸ் எனப்படுவது விரைவானது, ஆயின் சுவருக்கு அஞ்சுவது, 2.4 எனப்படுவது மெதுவானது, ஆயின் தூரஞ் செல்வது.

ஓர் எளிய உபாயம்: புதிய ரவுட்டரைப் பூட்டும்போது, பழைய ரவுட்டரில் இருந்த அதே வைஃபைப் பெயரையும் அதே கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் இட்டுவிடச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள கைத்தொலைபேசி, தொலைக்காட்சி, கணினி எல்லாம் பெரும்பாலும் தாமாகவே இணைந்துகொள்ளும். அம்மம்மாவின் கைத்தொலைபேசியை வாங்கி ஒவ்வொன்றாகத் திருத்தும் வேலை மிச்சம்.

பலரும் தவறவிடும் இடம் இனி வருவது. பழைய சேவையோடு ஒட்டியிருந்த இலக்கத்தையும் மின்னஞ்சலையும் சொல்கிறோம். முன்னாளில் இணைப்போடு கம்பனியின் பெயரைத் தாங்கிய மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தார்கள். அதனையே வங்கிக்கும், பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும், வெளிநாட்டு விசாப் பத்திரத்துக்கும் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். சேவை நின்றால் அம்முகவரியும் நின்றுபோகக்கூடும். அவ்வாறே, வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவெண் பழைய இலக்கத்துக்கே போய்க்கொண்டிருந்தால், உங்கள் பணத்தை நீங்களே எடுக்கமுடியாத நிலை வரும். ஆகவே பழைய இணைப்பு உயிரோடிருக்கும்போதே, எந்தெந்த இடத்தில் அவற்றைக் கொடுத்திருக்கிறோமென்று கொப்பியொன்றில் எழுதி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இவ்வேலையை வீட்டு மாணவரிடம் ஒப்படைக்கலாம். அவர்களுக்கு அரைநாட் காரியம். மின்னஞ்சலைப் பொறுத்தவரை, எந்த இணையக் கம்பனியையும் சாராத முகவரியொன்றை வைத்துக்கொள்வதே எமது துணிபு. கம்பனி மாறலாம், முகவரி மாறவேண்டியதில்லை.

இரண்டு இணைப்பும் சேர்ந்து இரண்டு கிழமையாவது இயங்கட்டும். ஒரு மாதக் கட்டணம் மேலதிகமாகப் போகும், போகட்டும். புதியது சரியாக ஓடாவிட்டால், பரீட்சைக் காலத்தில் பிள்ளை தவறவிடும் பாடத்துக்கு விலை அதனினும் கூட.

பழையதை மூடும்போது, வாய்ப்பேச்சில் விடாது எழுத்தில் கேளுங்கள்: முற்பணமாகக் கட்டிய வைப்புப்பணம் திரும்பக் கிடைக்குமா, இறுதிப் பட்டியல் எந்நாள்வரைக்கும், கருவி யாருடையது? கருவியைத் திருப்பிக் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்காமல் கந்தோரை விட்டு இறங்கக் கூடாது. வங்கிமூலம் மாதாந்தம் கழிக்க ஒழுங்கு செய்திருந்தால், வங்கிக்கும் அறிவிக்கவேண்டும். குடாநாட்டுக்கே உரியதொரு சிக்கலும் உண்டு: மகன் ரொறன்ரோவிலோ மகள் பாரிசிலோ இருந்து தம் அட்டை மூலம் கட்டணம் செலுத்திக்கொண்டிருப்பார்கள். இங்கே சேவை நின்ற பின்னும் அங்கே பணம் போய்க்கொண்டிருக்கலாம். அவர்களுக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள். கம்பனி நியாயம் மறுத்தால், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும் 1996இல் அதற்குச் செய்த திருத்தமும் உங்கள் துணைக்கு உண்டு. அச்சட்டத்தின்கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுதலாம்.

தீவுப்பகுதி வாசகர் கேட்கக்கூடும்: நெடுந்தீவுக்கு இவையெல்லாம் எங்கே? அங்கே அலைவழி இணைப்பே பெருந்துணை. செய்ம்மதி வழியாக இணையம் தரும் ஸ்ரார்லிங்க் 2025ஆம் ஆண்டு ஜூலையில் இலங்கையிலும் சேவை தொடங்கியது. கோபுரமும் கம்பியும் இல்லாத இடத்துக்கும் அது எட்டும். ஆனால் அதன் விலை மீன்பிடிக் குடும்பமொன்றுக்கு எட்டக்கூடியதன்று. பாடசாலையோ சனசமூக நிலையமோ பொதுவில் ஒன்றைப் பெற்று, மாணவர் மாலையிற் கூடிப் படிக்க இடமளிப்பதைப் பற்றி ஊர்ப் பெரியோர் யோசிக்கலாம். பத்திரிகை வாசிப்பதற்கென்று ஊரெங்கும் வாசிகசாலை கட்டியவர்களுக்கு இது புதிய காரியமன்று.

வேலியோரம் தொங்கும் பழைய கம்பியை என்ன செய்வதென்று ஆசிரியை அம்மையார் இறுதியாகக் கேட்டார். அதனை நீங்களாக அறுக்கவேண்டாம். அருகில் மின்கம்பி போகலாம். கம்பனிக்கு எழுதி, அவர்களைக் கொண்டே அகற்றுவியுங்கள். அதுவரை அதிற் துணி காயப்போடாதிருந்தாற் சரி.