மட்டைக்கு வலு எங்கிருந்து வருகிறது?

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் சில வாரங்களுக்கு முன்னர் என் கைக்குக் கிடைத்தது. 13 வயதான அவருடைய மகள் 2 ஆண்டுகளாக டென்னிஸ் பயின்று வருகிறாள். இப்பொழுது வலது முழங்கையில் நோவு கண்டிருக்கிறது. வைத்தியர் ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார். உறவினரோ, "மெலிந்த பெண்பிள்ளைக்கு இந்த விளையாட்டு எதற்கு? கையில் வலுவில்லாதவள் இத்தோடு விட்டுவிடட்டும்" என்கிறார்களாம். விடுவதா, தொடர்வதா என்பதே அந்த அம்மையாரின் கேள்வி. இப்பகுதிக்கு வரும் கடிதங்களுக்கு நாலு வரியில் விடையெழுதுவது என் வழக்கம். இதற்கு நாலு வரி போதாது.

நோவு முற்றாக நீங்கி வைத்தியரும் அனுமதித்த பின்னர், ஒரு மாலைப் பொழுதில் மகளை ஆடுகளத்துக்கு அழைத்து வருமாறு கேட்டுக்கொண்டேன். வந்தார்கள். சாதாரணப் பந்தைவிட மெதுவாகச் செல்லும் பச்சைப் புள்ளியிட்ட பந்துகள் இருபதை எறிந்து கொடுத்துவிட்டு, அவளுடைய கையைப் பாராமல் காலையே அவதானித்தேன். பந்து தரையிற் பட்டு எழும்போதெல்லாம் அவள் குதிகாலில் சாய்ந்து அரையடி பின்வாங்கினாள். உடல் பின்னே போகிறது. கையோ பந்தை முன்னே அனுப்ப வேண்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டது முழங்கை. வலுவில்லாமை அன்று, ஒரு கையையே முழு வேலையும் வாங்கியதுதான் குற்றம்.

விறகு பிளப்பவனைப் பாருங்கள். கோடரி ஓங்கும்போது அவனுடைய பாதங்கள் நிலத்தைப் பற்றுகின்றன; இடுப்பு இறங்குகிறது; தோள் தொடர்கிறது; கை கடைசியாகத்தான் வருகிறது. உரலில் நெல் குற்றிய நம் பாட்டிமாரும் கையால் மட்டும் குற்றியிருந்தால் அரைமணி நேரத்தில் ஓய்ந்திருப்பார்கள். டென்னிஸிலும் தரையிலிருந்தே வலு புறப்படுகிறது. கால் தரையை உந்த, அந்த உந்தல் இடுப்பைத் திருப்ப, இடுப்பு தோளைத் திருப்ப, தோள் கையை இழுத்துச் செல்ல, ஈற்றில் மட்டை பந்தைச் சந்திக்கிறது. இந்தத் தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதன் பாரம் அடுத்த உறுப்பின் தலையில் விழும்.

பயிற்றுவோர் சிலர், "உடற்பாரத்தைப் பந்தின்மேல் போடு" என்று ஓயாமற் சொல்லுகிறார்கள். இதைக் கேட்ட பிள்ளைகள் அடிக்கும் கணத்தில் தலைகுப்புற முன்னே பாய்வதையும் கண்டிருக்கிறேன். பந்தின் நிறை ஏறத்தாழ 58 கிராம். அது மட்டையின் நரம்புகளில் தங்கியிருப்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரந்தான். அதற்குள் எவரும் தம் பாரத்தைப் பந்தினுட் செலுத்திவிட முடியாது. பாரம் பின்காலிலிருந்து முன்காலுக்கு நகர்வது மட்டைக்கு வேகங் கொடுப்பதற்கே. ஆகையால் அடி வைத்தல் முதலில், வீச்சு அதன் பின்னர், பந்தைச் சந்தித்தல் உடலுக்கு முன்னால் என்ற ஒழுங்கு வேண்டும். தலை அசையவே கூடாது.

இக்காலத்து ஆட்டக்காரர் பலர் போர்ஹாண்ட் அடிக்கையில் முன்காலை எடுத்து வைப்பதில்லையே என்று வாசகர் கேட்கக்கூடும். உண்மைதான். வலக்கைக்காரர் வலது காலில் அமர்ந்து, அதையே உந்தி, இடுப்பைச் சுழற்றி அடிக்கிறார்கள். அவர்களும் தரையைத்தான் உந்துகிறார்கள். எந்தக் காலை வைப்பது என்பதில் வழக்கம் மாறியிருக்கிறது. பின்னே சாய்ந்துகொண்டே அடிப்பதை மட்டும் எவரும் நல்லதென்று சொன்னதில்லை.

பழைய காலத்து மட்டையே ஓர் ஆசிரியராக இருந்தது என்பது என் அபிப்பிராயம். 1878ஆம் ஆண்டில் தொடங்கிய கண்டி கார்டன் கிளப்பிலும், மலையகத் தோட்டத் துரைமாரின் கழகங்களிலும் அந்நாளில் ஆடியவர்கள் பிடித்த மரமட்டை 13, 14 அவுன்ஸ் இருக்கும். ஏறக்குறைய 400 கிராம். அதைக் கையால் மட்டும் சுழற்ற முயன்றவனுக்கு மணிக்கட்டே புத்தி சொல்லும். இன்றைய மட்டை 300 கிராம். பிள்ளைகளுடையது இன்னுங் குறைவு. கையை மட்டும் வீசினாலும் பந்து போய்விடுகிறது. போகிறதே என்று பிள்ளை அதையே பழகிக்கொள்ளுகிறது. வலி வரும்போதுதான் வீட்டாருக்குத் தெரிகிறது.

மரமட்டைக் காலத்தவரான தமிழர் ராமநாதன் கிருஷ்ணனை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. தந்தை டி. கே. ராமநாதனிடம் பயின்ற அவர், 1954இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்றார். அதற்கு முன் ஆசியர் எவரும் அதைப் பெற்றதில்லை. 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அங்கே ஆடவர் அரையிறுதிக்குச் சென்றார். 1961இன் காலிறுதியில் ரோய் எமர்சனை நேர் செட்களில் வென்றது சாமானிய காரியமன்று. ஆயினும் கிருஷ்ணனை முரட்டு அடிக்காரர் என்று ஒருவரும் சொன்னதில்லை. அவருடைய செர்வ் மென்மையானது. எதிராளியின் வேகத்தையே வாங்கி, உரிய வேளையில் உரிய இடத்தில் நின்று திருப்பியனுப்புவதே அவர் வித்தை. புயவலுவே ஆட்டத்தைத் தீர்மானிக்கும் என்று நம்பும் உறவினர் இதைச் சற்றே யோசிக்க வேண்டும்.

பேச்சுவாக்கில், அந்தச் சிறுமி பரதநாட்டியமும் பயில்கிறாள் என்று தாயார் சொன்னார். "அரைமண்டியில் நில்" என்றேன். கணமுந் தாமதியாமல் முழங்கால் மடித்து, முதுகு நிமிர்ந்து நின்றாள். பெரஹராவிலே கனத்த அணிகளுடன் மணிக்கணக்காக ஆடிவரும் கண்டிய நடனக்காரர் தொடங்கும் மண்டிய நிலையும் இதற்குக் கிட்டிய உறவே. பாதங்களைச் சற்றுத் திருத்தி, அதே தாழ்வில் நின்றபடி இடத்தோளை வலைப்பக்கம் திருப்பச் செய்தேன். இடக்கை பந்தைக் காட்டட்டும்; பந்து எழும்போது இடக்கால் முன்னே போகட்டும்; அவ்வளவே. முதல் ஆறு பந்துகள் வலையில் விழுந்தன. ஏழாவது பந்து எதிர்ப்பக்கத்து எல்லைக்கோட்டருகே விழுந்தபோது, தாயாரைத் திரும்பிப் பார்த்தாள். வேகமாக அடித்ததாக அவளுக்கே தோன்றவில்லையாம்.

வீட்டிற் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மூன்று இறாத்தல் அரிசியைத் துணிப்பையிற் கட்டி, பக்கவாட்டில் நின்று, இரு கைகளாலும் அதை முன்னே வீசியெறிய வேண்டும். கையால் மட்டும் எறிந்தால் பை காலடியிலே விழும். இடுப்பு திரும்பினால் தூரம் போகும். களத்தில், ஒவ்வோர் அடிக்குப் பிறகும் பந்து மறுபுறம் தரையைத் தொடும் வரை சிலைபோல் நிற்கப் பழகலாம். பின்காலின் குதி உயர்ந்து, முன்காலில் தள்ளாடாமல் நிற்க முடிந்தால் பாரம் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. இரு கைகளாற் பிடிக்கும் பேக்ஹாண்டுக்கும் இதே சோதனை செல்லும்.

நுவரெலியாவுக்கு ஆடப் போகும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேல். 1,219 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களுக்கென்று தனிப் பந்தே விதிகளில் உண்டு. அங்கே மெலிந்த காற்றிற் பந்து நீளமாகப் பறக்கும். அஞ்சி உடலைப் பின்னிழுக்க வேண்டாம். மட்டையைப் பின்னே கொண்டுபோகும் தூரத்தைக் குறைத்து, பந்துக்கு மேற்சுழற்சி கொடுத்தாற் போதும்.

அம்மையாருக்கு: மகள் தொடரட்டும். மட்டையிலுள்ள விறைப்பான பாலியெஸ்டர் நரம்பை மாற்றி மென்மையான நரம்பு கட்டுவியுங்கள். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சிறு நோவு தலைகாட்டினாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். நாட்டிய வகுப்பை மட்டும் எக்காரணங் கொண்டும் நிறுத்த வேண்டாம்.