கம்ப்யூட்டரிடம் கேளுங்கள்: 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்?'

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதில் என்னென்ன சாப்ட்வேர் போட வேண்டும்?" என்பதுதான். முதலில் அதனிடம் கேட்க ஒரு கேள்வியைத் தயார் செய்யுங்கள் என்பேன் நான். "இப்படிச் செய்தால் என்ன ஆகும்?" என்ற கேள்விக்குக் கம்ப்யூட்டரைப் போல மலிவாகப் பதில் தரும் கருவி வேறில்லை. ஆனால் அந்தப் பதிலை அப்படியே நம்பிவிடவும் கூடாது. இந்த இரண்டையும் எனக்குக் கற்றுத் தந்தது ஒரு மாடல் விமானம்.

பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா மியூசியத்தின் வெளியே மாருத் என்ற ஜெட் விமானம் நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம் அது. ஜெர்மனியின் கர்ட் டாங்க் தலைமையில் எச்.ஏ.எல். நிறுவனத்தில் வடிவமைக்கப்பட்டு, 1961 ஜூன் 17 அன்று முதன்முதலில் பறந்தது. ஒலியைப் போல இரு மடங்கு வேகம் என்பது திட்டம். அதற்கு ஏற்ற இன்ஜின் கடைசி வரை கிடைக்கவில்லை. கிடைத்தது தலா 4,850 பவுண்ட் உந்துவிசை தரும் இரண்டு ஆர்பியஸ் 703 இன்ஜின்கள். எனவே வேகம் ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. 147 விமானங்கள் தயாராயின. 1971 போரிலும் பங்கேற்றன. 1990க்குள் ஓய்வு பெற்றன.

பிரிட்டனில் மீட்டியர் என்ற ஆரம்பகால ஜெட் விமானங்கள் பழசானதும், அவற்றில் பலவற்றைப் பைலட் இல்லாமல் பறக்கும் இலக்கு விமானங்களாக மாற்றினார்கள். நம் டி.ஆர்.டி.ஓ.வும் லக்ஷ்யா என்ற இலக்கு விமானத்தைப் புதிதாகவே உருவாக்கியது. மாருத்துக்கும் அப்படி ஒரு மறுவாழ்வு கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? பத்தில் ஒரு பங்கு அளவில் அந்தக் கற்பனை மாருத்தைச் செய்ய ஆசைப்பட்டேன். நீளம் சுமார் 1.6 மீட்டர், இறக்கையின் அகலம் 90 செ.மீ., உடல் முழுக்க போம் ஷீட். பைலட் அமரும் இடத்தில் கண்ணாடிக்குப் பதில் மூடிய மூக்கு. அதற்குள் ஆர்டுபைலட் புரோகிராம் ஓடும் சின்ன போர்டு.

ஏற்காட்டில் என் சித்தப்பாவுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகனுக்காகக் கஷ்டப்பட்டு லேப்டாப் வாங்கித் தந்திருந்தார். தம்பி அதில் கேம் மட்டுமே ஆடுகிறான் என்று அவருக்கு வருத்தம். எனவே கணக்கை அவனுடைய லேப்டாப்பிலேயே போட்டோம். பெரிய சாப்ட்வேர் எதுவும் வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

விமானம் விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்தைக் கண்டுபிடிக்க நான்கு எண்கள் வேண்டும். எடை 1.4 கிலோ, இதை 9.8ஆல் பெருக்கி நியூட்டனாக மாற்றிக்கொள்ளுங்கள். இறக்கைப் பரப்பு 0.28 சதுர மீட்டர். இறக்கை வடிவத்துக்கான தூக்கு எண் 0.9. காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.225 கிலோ. எடையை இரண்டால் பெருக்கி, மற்ற மூன்றையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 3.6ஆல் பெருக்கினால் விடை கி.மீ.யில் வரும். எங்களுக்கு வந்தது 34. கையால் வீசும் வேகத்தை வீடியோ எடுத்துக் கணக்கிட்டதில் 36 வந்தது. போதும் என்று நினைத்தோம்.

சேலத்தில் ஒரு மைதானத்தில் வீசினோம். கொஞ்சம் தடுமாறிவிட்டுப் பறந்தது. அந்தத் தடுமாற்றத்தை நான் பொருட்படுத்தவில்லை. அடுத்த வாரம் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, ஏற்காட்டில் சித்தப்பா முன்னால் வீசினோம். பத்தடி கூடப் போகவில்லை. மூக்கு தரையில் குத்தி நொறுங்கியது.

"ஏண்டா, இந்த வெளாட்டுக்கா அவ்வளவு காசு போட்டு வாங்கிக் கொடுத்தேன்?" என்றார் சித்தப்பா.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லிடுச்சாண்ணா?" என்று கேட்டான் தம்பி.

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. நான்தான் தவறான எண்ணைக் கொடுத்திருந்தேன். 1.225 என்பது கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில் இருக்கும் அடர்த்தி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே அன்றைய வெப்பநிலையில் அடர்த்தி ஏறத்தாழ 1.0தான். அந்த ஒரு செல்லை மாற்றியதும் 34 என்பது 37.6 ஆனது. வெயில் நேரத்துச் சேலத்துக்குச் சுமார் 1.11 போட்டால் 35.7. தடுமாறியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. இன்ஜினியரிங் படித்து, சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கே இது தோன்றவில்லை. கட்டம் கட்டமாக அழகாக வந்து நிற்கும் எண்ணைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அதுதான் ஆபத்து.

மாருத்தைச் செய்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஜெட் விமானம் பறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1959ல், அதே அளவில் மரத்தாலான கிளைடர் ஒன்றைச் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்துச் சென்று பறக்கவிட்டுப் பார்த்தார்கள். காகிதக் கணக்கோடு அவர்கள் நிற்கவில்லை. இன்று நமக்கு அந்தச் செலவில்லாமல் நூறு முறை கணக்குப் போட்டுப் பார்க்க வசதி இருக்கிறது. ஆனாலும் நூற்றியோராவது முறை வெளியே போய்ச் சோதிக்கத்தான் வேண்டும்.

பிறகு தம்பியே ஒர்க்ஷீட்டில் எடையை மாற்றி மாற்றிப் பார்த்தான். 1.2 கிலோவில் 34.8 வந்தது. சின்ன பேட்டரி, குறைவான பெயிண்ட் என்று 200 கிராம் குறைத்தோம். அடுத்த மாதம் அதே இடத்தில் நான்கு நிமிடம் பறந்தது. இப்போது சித்தப்பா, "மிளகு விலை கிலோவுக்கு ஐம்பது ரூபாய் குறைஞ்சா நமக்கு எவ்வளவு நிக்கும், போட்டுப் பாருடா" என்கிறார்.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால், முதலில் விதிகளைப் படியுங்கள். 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை 'நானோ' வகை. அதற்கு மேல் கட்டுப்பாடுகள் கூடும். சேலம் விமான நிலையம் போன்ற இடங்களுக்கு அருகே அனுமதியில்லாமல் பறக்கவிடாதீர்கள். கண் பார்வையை விட்டு விலகவும் விடாதீர்கள்.

விமானம் வேண்டாம் என்றால் வீட்டுக் கடன், கரண்ட் பில், தோட்டத்து வரவு செலவு என்று எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒர்க்ஷீட் திறந்து, ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள். மாற்றும் முன், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.