டயாலிசிஸ் நிலையங்களும் நோயாளிகளின் சுயமரியாதையும்

சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு மெஷின் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் நிலையங்கள் நமது நாட்டில் முன்னைவிட அதிகமாக ஏற்பட்டிருப்பதும், தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் மூலமும், 2016-ல் மத்திய சர்க்கார் அறிவித்த டயாலிசிஸ் திட்டத்தின் மூலமும் ஏழைகள் கைப்பணமில்லாமல் இவ்வைத்தியம் பெற வழி பிறந்திருப்பதும் வரவேற்கத்தக்க காரியங்களேயாகும். ஆனால், அந்நிலையங்களில் நடக்கும் வைத்தியம் சரியானதுதானா என்று கேட்கும் பழக்கம் மாத்திரம் நம் மக்களிடம் இன்னும் ஏற்பட்டபாடில்லை. அதைப் பற்றியே இவ்வாரம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

நம் மக்கள் ஒரு நிலையத்தை எதைக்கொண்டு நல்லது என்கிறார்கள்? கட்டடம் பளபளப்பாயிருக்கிறதா, டாக்டர் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் நீளமாயிருக்கின்றனவா, மேஜைமேல் சாமி படம் இருக்கிறதா என்பவைகளைக் கொண்டே அல்லவா? ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் கொளுத்தினால் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர்கள், அந்த மெஷினுக்குள் போகும் தண்ணீர் கடைசியாக என்று பரிசோதிக்கப்பட்டது என்று கேட்பதில்லை. நோயாளி இறந்துபோனாலோ, “அவன் விதி அவ்வளவுதான்” என்பதோடு சங்கதி தீர்ந்துவிடுகிறது. நோயின் கொடுமையால் இறந்தானா, நிலையத்தின் அசட்டையால் இறந்தானா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விடுகிறது. ஆகவே, இந்த விதி என்பது நோயாளிக்கு உதவாவிட்டாலும், கடமையைச் செய்யாத நிர்வாகிகளுக்கு நன்றாய் உதவிவருகின்றது.

இந்த மெஷினோ எந்த விதியையும் நம்பி உண்டாக்கப்பட்டதல்ல. ஹாலந்து தேசம் ஜெர்மானியர் பிடியில் சிக்கியிருந்த 1943-ல், வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர், தொத்திறைச்சிக்கு உறையாக உபயோகிக்கும் செல்லோபேன் குழாயைக் கொண்டு இதைச் செய்தார். முதலில் வைத்தியம் பெற்றவர்களில் பலர் பிழைக்கவில்லை. 1945-ல்தான் வயதான ஒரு அம்மாள் பிழைத்தெழுந்தார். முன்னே இறந்தவர்களையெல்லாம் விதியின் கணக்கில் எழுதிவிட்டு அவர் சும்மா இருந்திருப்பாரானால், இன்று இந்த வைத்தியமே இருந்திராது.

நிற்க, ஒரு நிலையத்தின் யோக்கியதையை அறிய நோயாளி டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. சில கேள்விகள் கேட்டாலே போதும்.

முதலாவது, அழுக்கு எவ்வளவு நீங்கிற்று என்பது. டயாலிசிசுக்கு முன்னும் பின்னும் இரத்தத்தில் யூரியாவை அளந்து பார்த்தால், வாரம் 3 தடவை செய்துகொள்ளுகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் 100-க்கு 65 பங்காவது குறைந்திருக்க வேண்டும் என்பது பல நாட்டு வைத்தியர்களும் ஒப்புக்கொண்ட கணக்கு. அடுத்தவர் காத்திருக்கிறார் என்று 4 மணி நேரத்தை 3 மணியாக்கினால் இந்தக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, தண்ணீர். ஒரு தடவை வைத்தியத்திற்கு ஏறக்குறைய 120 லிட்டர் தண்ணீர், நோயாளியின் இரத்தத்துக்கு ஒரு மெல்லிய சவ்வின் மறுபக்கத்தில் ஓடுகிறது. குழாய்த் தண்ணீரில் கிருமிக்காகப் போடும் குளோரின் மருந்து சரியாக நீக்கப்படாவிட்டால் இரத்த அணுக்கள் உடைந்துபோகும். 1996-ல் பிரேசில் தேசத்துக் கருவாரு நகரில், பாசி விஷம் கலந்த நீர்த்தேக்கத் தண்ணீரைச் சரியாய்ச் சுத்திகரிக்காமல் உபயோகித்ததால் ஒரே நிலையத்தில் 50 பேருக்கு மேல் ஈரல் கெட்டு மாண்டார்கள். அவர்களைக் கொன்றது விதியல்ல, தண்ணீரே.

மூன்றாவது, இரத்தம் எடுக்கும் வழி. கையில் இரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலாவைவிடக் கழுத்தில் போடும் குழாயினால் கிருமி தொற்றும் ஆபத்து அதிகம். ஆகவே, எத்தனை பேர் மாதக்கணக்கில் கழுத்துக் குழாயோடேயே விடப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

நான்காவது, ஆரோக்கியமாய் வந்தவர்களில் எத்தனை பேருக்கு இங்கே வந்தபின் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் தொற்றின. பி கிருமி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் இருக்கிறதா. வடிகட்டியைக் கழுவித் திரும்ப உபயோகித்தால், அது அதே நோயாளிக்குத்தானா, ஒவ்வொரு தடவையும் சோதிக்கப்படுகிறதா என்பவை.

அமெரிக்காவில் 1972-ம் வருஷத்துச் சட்டப்படி இவ்வைத்தியத்தின் செலவில் பெரும்பகுதியைச் சர்க்காரே ஏற்றுக்கொண்டது. 2001 முதல் ஒவ்வொரு நிலையத்தின் கணக்கையும் யாரும் பார்க்கும்படி வெளியிட்டு வருகிறது. 2012 முதல், தரம் குறைந்த நிலையத்திற்குக் கொடுக்கும் பணத்தில் 100-க்கு 2 வரை பிடித்தமும் செய்கிறது. அங்கே எல்லாம் ஒழுங்காய் நடக்கிறதென்று நாம் சொல்ல வரவில்லை. அங்கும் பெரும்பாலான நிலையங்கள் இரண்டு பெரிய கம்பெனிகளின் கையில்தான் இருக்கின்றன. ஆனாலும், பணம் கொடுக்கிறவன் கணக்குக் கேட்கலாம் என்ற அளவுக்காவது அங்கே அறிவு வேலை செய்திருக்கிறது.

“இந்தக் கணக்கெல்லாம் பாமர மக்களுக்கு என்ன விளங்கும்?” என்று சில படித்தவர்கள் கேட்கக்கூடும். வேதம் சூத்திரனுக்கு விளங்காது என்றவர்களும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். பால்காரரிடமும் ரேஷன் கடையிலும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, 100-க்கு 65 என்பது விளங்காமல் போகாது. மற்றும், கடுமையான நோயாளிகளை ஏற்றுக்கொள்ளும் நிலையத்தில் சாவு அதிகமாய்த் தெரியுமே என்பது நியாயமான ஆட்சேபணைதான். அதற்கு வயதையும் நோயின் கடுமையையும் சேர்த்துக் கணக்கிடுவது பரிகாரமே ஒழிய, கணக்கையே மறைத்து வைப்பது பரிகாரமாகாது.

கேள்வி கேட்டால் நாளைக்கு ஊசி குத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ளுவார்களோ என்று நோயாளி பயப்படுவது நமக்குத் தெரியும். வாரம் 3 தடவை அதே படுக்கைக்கு வந்து கையை நீட்ட வேண்டியவருடைய பயத்தை நாம் குறைவாய்ச் சொல்ல மாட்டோம். அதனாலேயே, கேட்கும் பாரத்தை ஒவ்வொரு நோயாளியின் தலையிலும் தனித்தனியாய்ச் சுமத்தாமல், சர்க்காரே இக்கணக்குகளை மாதாமாதம் ஒவ்வொரு நிலையத்தின் வாசலிலும் தமிழில் எழுதி வைக்கும்படி உத்தரவு போட வேண்டுமென்கிறோம். நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் சங்கமாய்க் கூடி அதைக் கேட்க வேண்டும். காப்பீட்டுப் பணம் யாரும் போடுகிற பிச்சையல்ல. மக்கள் கொடுத்த வரிப்பணமே. ஆகையால், கைகூப்பி நிற்பதை விட்டு, தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டை எங்கே என்று நிமிர்ந்து கேட்கும்படி ஒவ்வொரு நோயாளியையும் கேட்டுக்கொள்ளுகிறோம்.