எங்கும் போகாத கப்பல்

"கப்பலில் எந்த ஊருக்குப் போய்விட்டு வந்தீர்கள்?" என்று துறை நண்பர்கள் கேட்டார்கள். "எந்த ஊருக்கும் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இரண்டு இரவு கடலில் இருந்துவிட்டு, சென்னைத் துறைமுகத்திலேயே இறங்கினோம்" என்றேன். சிறிது நேரம் அமைதி. பிறகு ஒருவர், "இதற்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கலாமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு அப்போது தரத் தவறிய பதிலை இங்கே எழுத நினைக்கிறேன்.

எங்கள் திருமணத்தின் இருபதாம் ஆண்டு நிறைவுக்காகச் சென்ற பயணம் அது. இலக்கியம் படிக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் இரண்டு மறுப்புகள் வருகின்றன. திருமண நாள் கொண்டாட்டம் நம் மரபில் இல்லாதது என்பது ஒன்று. இத்தகைய கப்பல் பயணம் பணத்தைக் காட்டிக்கொள்ளும் வெற்று நுகர்வு என்பது மற்றொன்று. முதலாவதை நான் ஏற்கவில்லை. இரண்டாவதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் நண்பர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

முதலில் மரபு. நம்மிடம் ஆண்டுகளை எண்ணிக் கொண்டாடும் மணவிழாக்கள் உண்டு. திருக்கடையூருக்கு ஒருமுறை சென்றவர்களும் அவற்றைக் கண்டிருப்பார்கள். அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். மாலை மாற்றி, மறுபடி தாலி கட்டி, பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் சூழ நடக்கும் அழகான சடங்குகள். ஆனால் அங்கே எண்ணப்படுவது கணவனுடைய வயது. மனைவிக்கு அன்று ஐம்பத்திரண்டா, ஐம்பத்தெட்டா என்று யாரும் கேட்பதில்லை. மணவாழ்வு எத்தனை ஆண்டு என்ற கணக்கும் அதில் இல்லை. இருவருக்கும் பொதுவாக ஓர் எண் வேண்டுமென்றால் அது திருமண நாளிலிருந்து எண்ணப்படுவதாகத்தான் இருக்க முடியும். அந்த வழக்கம் வெளியிலிருந்து வந்ததாகவே இருக்கட்டும். நம்மிடம் இல்லாத ஒரு கணக்கை அது கொண்டுவந்து தந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அடுத்து கடல். தமிழில் கடல் என்பது கணவனும் மனைவியும் சேர்ந்து போகும் இடமே அல்ல. பெண்ணை உடனழைத்துக்கொண்டு கடலில் செல்லும் வழக்கம் கிடையாது என்று தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு நூற்பா இருக்கிறது. உரையாசிரியர்கள் அதற்குப் பொருள் கொள்வதில் வேறுபடுகிறார்கள். ஆயினும் நம் இலக்கியம் பெரும்பாலும் அந்த விதிப்படியே நடந்திருக்கிறது. ஆண் கலம் ஏறுவான். பெண் கரையில் நிற்பாள். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று வகுத்ததும் அந்தக் கரையை வைத்துத்தான்.

மணிமேகலையின் ஆதிரையை நினைத்துப் பாருங்கள். கணிகையிடமும் சூதிலும் பொருளைத் தொலைத்த சாதுவன், மீண்டும் பொருளீட்ட வணிகர்களோடு கப்பலேறுகிறான். கலம் கவிழ்கிறது. உயிர் தப்பி வந்தவர்கள் அவன் இறந்தான் என்று சொல்ல, ஆதிரை தீயில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை, கணவன் உயிரோடு திரும்பினான் என்பதெல்லாம் பிறகு. கடலில் அவன் பட்ட பாட்டைக் காட்டிலும் கரையில் அவள் பட்ட பாடுதான் நம் மனத்தில் நிற்கிறது. பட்டினப்பாலைத் தலைவன் இதற்கு மாறானவன். அந்த 301 அடிகளில் மிகப் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தையும் கரிகாலனின் சிறப்பையும் பேசுவது. கலங்கள் வந்து குவித்த செல்வமெல்லாம் அங்கே விரித்துரைக்கப்படுகிறது. அத்தகைய பட்டினமே கிடைப்பதானாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று தன் நெஞ்சிடம் அவன் சொல்லிவிடுகிறான். மனைவியோடு இருக்க வேண்டுமென்றால் கடலையும் அதன் செல்வத்தையும் விட்டுவிட வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் வழி அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

இது சங்க காலத்தோடு முடிந்த கதையும் அல்ல. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா, எழுபதுகளின் தொடக்கம் வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் மனிதர்களைச் சுமந்து சென்றது. குடும்பத்தோடு போனவர்கள் உண்டு. ஆனால் தஞ்சைப் பகுதியிலும் இராமநாதபுரத்துச் சீமையிலும் இன்றைக்கும் பாட்டிமார்கள் சொல்லும் கதைகள், பணம் அனுப்பிய கணவனைப் பற்றியவை. அல்லது பணமும் கடிதமும் நின்றுபோன கணவனைப் பற்றியவை.

இந்தப் பின்னணியில் பார்த்தால், பொருள் தேடும் நோக்கம் எதுவும் இல்லாமல் ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து கப்பலேறிச் சேர்ந்தே திரும்புவது நகைப்புக்குரியதாக எனக்குப் படவில்லை. நம் கடல்வழி வரலாற்றில் அது புதிய செய்தி. எந்த ஊருக்கும் போகவில்லை என்பதுதான் அதன் சிறப்பு. போவதற்கு ஓர் ஊர் இருந்திருந்தால் அங்கே ஒரு வேலையும் இருந்திருக்கும்.

பயணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வகைக் குறும்பயணம் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட ஒரு வணிகம். பிரான்சின் சான் நசேர் கப்பல் தளத்தில் கட்டப்பட்டு 1990இல் வெளிவந்த 'நார்டிக் எம்ப்ரஸ்', மயாமியிலிருந்து மூன்று நாள், நான்கு நாள் பயணங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட கப்பல். அதே கப்பல் பெயரும் உரிமையும் மாறி 2021இல் மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. 2022 ஜூன் 4 அன்று சென்னையிலிருந்து அதன் பயணத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். அதே மாதம் புதுச்சேரியில், கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது; கரையணைய அனுமதி கிடைக்கவில்லை. சாதுவன் சூதில் தோற்றுக் கப்பலேறினான். இன்று கப்பலேறிய பிறகு தோற்கும் வசதி வந்திருக்கிறது.

நாங்கள் போன கப்பலைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அறை சிறியது, ஆனால் சுத்தமானது. சாப்பாடு ஏராளம். கரை மறைந்த சிறிது நேரத்தில் கைபேசியில் சிக்னல் போய்விட்டது. அதையே பெரிய பரிசாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் விடியற்காலையில் விழித்தபோது மனைவி படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். மணி நாலரை. இருபது ஆண்டுகளாக அவள் எழுந்திருக்கும் நேரம் அது. எனக்கும் பிள்ளைகளுக்கும் தனக்கும் டிபன் பாக்ஸ் கட்டிவைத்துவிட்டு, எட்டு மணிக்கு அவளும் பள்ளிக்குக் கிளம்ப வேண்டும். "என்னங்க, இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்வதற்கு அவளைக் கரை தெரியாத தூரத்துக்கு அழைத்துவர வேண்டியிருந்திருக்கிறது. வீட்டிலேயே ஒரு காலையில் நான் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை அது.

மேல்தளத்துக்குப் போய் விடியலைப் பார்த்தோம். அன்று முழுவதும் பேசினோம். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் கட்டணம், அம்மாவின் மருந்து இவற்றைத் தவிர நாங்கள் பேசி நெடுநாள் ஆகியிருந்தது என்பது மட்டும் தெரிந்தது. இந்த அளவில், கப்பல் பயணத்தை வெற்று நுகர்வு என்று ஒதுக்குகிறவர்களோடு நான் உடன்படவில்லை. வீட்டைவிட்டு விலகினால்தான் சில குடும்பங்களில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்க முடிகிறது. அதற்குத் திருக்கடையூரும் உதவலாம், கொடைக்கானலும் உதவலாம், கப்பலும் உதவலாம்.

நான் ஏற்கும் பாதி இனித்தான் வருகிறது. எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த இளைஞன் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். மனைவி தமிழில் பேசியதும் 'மேடம்' போய் 'அக்கா' வந்துவிட்டது. "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?" என்று கேட்டாள். மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்றான். ஒன்பது மாத ஒப்பந்தம், பிறகு இரண்டு மாதம் ஊர், மறுபடி ஒப்பந்தம். "மூணு கல்யாண நாளும் கப்பல்லதான் அக்கா" என்று சொல்லிவிட்டுத் துவாலையை மடிக்கத் தொடங்கினான். எங்கள் படுக்கைமேல் அன்னப்பறவைபோல் துவாலையை மடித்துவைத்து, மணநாள் வாழ்த்து அட்டையைச் சாய்த்து வைத்திருந்ததும் அவன்தான்.

நான் வகுப்பில் ஆண்டுதோறும் நெய்தல் நடத்துகிறேன். எற்பாட்டையும் புன்னையையும் சொல்லி, தலைவி ஏன் இரங்குகிறாள் என்று தேர்வில் கேள்வி கேட்கிறேன். அந்தத் திணை இத்தனை அருகில், கையில் துவாலையோடு நின்றபோது அதை இன்னதென்று கண்டுகொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. நாங்கள் சேர்ந்திருப்பதற்காக அவன் பிரிந்திருக்கிறான். குளச்சலுக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு வீட்டில் தொல்காப்பியர் சொன்ன வழக்கம் இன்றும் மாறவில்லை.

இது அந்த ஒருவனின் கதை அல்ல. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோகாமாவில் கொரோனாத் தொற்றால் தனிமைப்படுத்தப்பட்ட 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல் பலருக்கு நினைவிருக்கலாம். அதில் 3,711 பேர் இருந்தார்கள். இந்தியர்கள் 138 பேர். அந்த 138 பேரில் பயணிகள் 6 பேர்; மற்ற 132 பேரும் பணியாளர்கள். உல்லாசக் கப்பல்களில் நம்மவர்கள் எந்தத் தளத்தில் இருக்கிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் அதை ஏற்றது. வேலை நேரத்துக்கு வரம்பு வைக்கும் நாடுகளில் அது நாளுக்கு 14 மணி, வாரத்துக்கு 72 மணியைத் தாண்டக் கூடாது. ஓய்வுக்கு வரம்பு வைக்கும் நாடுகளில் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 77 மணிக்குக் குறையக் கூடாது. பன்னிரண்டு மாதம் நிறைவதற்குள் ஊர் திரும்பும் உரிமை உண்டு. 2022இல் செய்யப்பட்டு 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், இயன்ற அளவில் மாலுமிகளுக்கு இணையத் தொடர்பு தர வேண்டும் என்கிறது. கட்டணம் வாங்கினால் அது நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. மேகத்தையும் நாரையையும் தூதுவிட்ட மொழியில் இதைப் படிக்கும்போது மனம் நெகிழ்கிறது. கூடவே, நாளுக்குப் பதினான்கு மணி நேரம் என்பது நியாயமான உச்ச வரம்பாக ஏற்கப்பட்டிருப்பதும் உறுத்துகிறது. நமக்கு விடுதலையாக இருந்த அந்தச் சிக்னல் இன்மை, கீழ்த்தளத்தில் இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று நான் முதல்நாள் யோசிக்கவில்லை.

இதனால் யாரும் கப்பலேற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் போகாவிட்டால் அவனுக்கு வேலை இருக்காது. ஆனால் "எங்கும் போகாத கப்பல்" என்று பரிகசிப்பவர்களும், "சொர்க்கம் போய்விட்டு வந்தோம்" என்று படம் காட்டுபவர்களும் ஒன்றையே பார்க்கத் தவறுகிறார்கள். கப்பலில் வேலை மறைந்துவிடவில்லை. என் மனைவியின் கையிலிருந்து நாலரை மணி வேலை வேறொருவன் கைக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். கடல் பயணத்தை மணநாள் பரிசாகக் கொடுக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் தெரிந்துகொண்டு கொடுக்கலாம். ஒப்பந்த மாதங்கள் குறைய வேண்டும், மணநாளுக்காவது வீட்டோடு தடையின்றிப் பேச வழி வேண்டும் என்று கேட்பவர்களின் பக்கம் நிற்கலாம்.

இறங்கும் நாள் காலையில் மனைவி படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். "அது அந்தத் தம்பியோட வேலை. நீ ஏன் செய்யற?" என்றேன். "நாலரைக்கே முழிச்சுட்டேன். சும்மா இருக்க முடியலை" என்றாள். பிறகு, "அவனுக்கு ஒரு அறை மிச்சமாகட்டுமே" என்றாள்.

ஊர் திரும்பியதிலிருந்து காலைச் சமையலில் பாதி என்னுடையது. உப்பின் அளவு இன்னும் கைக்கு வரவில்லை. துறை நண்பர்கள் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். இந்தச் சிரிப்புக்கு என்னிடம் பதில் தேவைப்படவில்லை.