‘நார்மல்’ என்றால் நிறுத்திவிடலாமா?



தைராய்டு மாத்திரை சாப்பிடும் நம்மில் பலர் செய்யும் தவறை நானும் செய்தேன். மற்றவர்கள் செய்யக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

நாலு வருஷத்துக்கு முன்பு எனக்கு எப்போதும் அசதி. எவ்வளவு தூங்கினாலும் தீராது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சித்திரை வெயிலிலும் ஃபேனை நிறுத்தச் சொல்வேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து போவேன். “வீட்ல சும்மாதானே இருக்கே, சோம்பேறித்தனம்” என்றார் கணவர். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 18 என்றும், டி4 குறைவு என்றும் வந்தது.

தைராக்சின் மாத்திரை கொடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி பரிசோதித்து அளவைக் கூட்டினார்கள். அடுத்த ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 3. ‘நார்மல்’! “நோய்தான் சரியாப் போச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்றார் மாமியார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கார்த்திகை மாதம் நிறுத்திவிட்டேன். இரண்டு வாரம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பார்த்தீர்களா என்று பெருமை வேறு!

பங்குனியில் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. முகம் வீங்கி, குரல் கரகரத்து, காலையில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளை தானே இட்லி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, எனக்கும் மூடி வைத்துவிட்டுப் போனாள். அன்று நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். மறுபடி பரிசோதித்தால் டி.எஸ்.எச். 40ஐத் தாண்டியிருந்தது.

அப்போது ஒரு லேடி டாக்டர்தான் பொறுமையாக விளக்கினார். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பதல்ல. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை செய்யச் சொல்லி அனுப்பும் உத்தரவு அது. எழுந்திருக்காத பிள்ளையை எழுப்ப நாம் குரலை உயர்த்துகிற மாதிரி, தைராய்டு மந்தமானால் டி.எஸ்.எச். ஏறுகிறது. மாத்திரை அந்தக் குறையை நிரப்பினால் சத்தம் அடங்குகிறது. நார்மல் என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை, மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம்! நிறுத்தினாலும் உடம்பில் உள்ள மருந்து மெதுவாகத்தான் குறையும். முதலில் ஒன்றும் தெரியாததற்கு அதுதான் காரணமாம்.

எல்லோருக்கும் ஆயுள் முழுக்க மாத்திரை என்றில்லை. டி.எஸ்.எச். லேசாகக் கூடி, டி4 சரியாக இருந்தால், சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று டாக்டரே சொல்வதுண்டு. பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறு சிலருக்குத் தானே சரியாகிவிடும். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர். நாமோ, மாமியாரோ, பக்கத்து வீட்டு அக்காவோ அல்ல. அளவு கூடினாலும் ஆபத்துதான். படபடப்பு வரும், எலும்பு தேயும்.

காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி. கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். இவ்வளவையும் மாத்திரை எழுதிய அன்றே யாராவது சொல்லியிருந்தால் என் மகளுக்கு அந்த நிலை வந்திருக்குமா?

மாத்திரை எழுதும் டாக்டர்கள் இன்னும் இரண்டு நிமிடம் ஒதுக்க வேண்டும். நாமும் “சரிங்க டாக்டர்” என்று எழுந்து வந்துவிடாமல், “இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்? எவ்வளவு நாள் சாப்பிடணும்? அடுத்த டெஸ்ட் எப்போ?” என்று கேட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். கத்தரிக்காய் வாங்கவே நாலு கேள்வி கேட்கிறவர்கள் நாம். நம் உடம்புக்காக மூன்று கேள்வி கேட்கக் கூடாதா?

- ஒரு வாசகி, விருதுநகர்.