கோரைக்கிழங்கு தின்ன பங்காளி

மிளகாய்க் காட்டுல நாலு நாளா கோரை எடுத்துக்கிட்டு இருக்கோம். டவுன்ல இருக்கற உங்களுக்காகச் சொல்றேன். மேலே பார்த்தா நாலு தாள், வெறும் புல்லு மாதிரிதான் தெரியும். மண்ணுக்குள்ள கிழங்கு கிழங்கா, சரடுல கோத்த மணி மாதிரி தொடுத்துக்கிட்டுப் போகும். பிடுங்கினா தாள் மட்டும் கையோட வரும், கிழங்கு உள்ளேயே தங்கிடும். கொஞ்ச நாள்ல மறுபடி முளைச்சு நிக்கும். உலகத்துலயே மோசமான களை எதுன்னு 1977-ல ஒரு ஆராய்ச்சிப் புத்தகம் போட்டு, கோரைக்குத்தான் முதலிடம் கொடுத்தாங்க. சரியாத்தான் கொடுத்திருக்காங்க.

இதே கோரையை சூடான் நாட்டுல சாப்பிட்டிருக்காங்க. வெள்ளை நைல் பக்கம் அல் கிடாய்னு ஒரு இடம். அங்கே தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளோட பல்லுல படிஞ்சிருந்த காரையைச் சுரண்டிப் பார்த்து, 2014-ல முடிவைச் சொன்னாங்க. விவசாயமே தெரியாத காலத்துல, 8,000 வருஷத்துக்கும் முந்தி வாழ்ந்தவங்க பல்லுல கோரைக்கிழங்கோட அடையாளம் இருக்கு. விவசாயம் வந்த பிறகும் அவங்க அதை விடலை. அந்தச் சனங்களுக்குச் சொத்தைப்பல் ரொம்பக் கம்மி, அதுக்கு இந்தக் கிழங்கும் ஒரு காரணமா இருக்கலாம்கறாங்க.

இன்னும் பின்னாடி போனா தான்சானியா. அங்கே ஓல்டுவாய் பள்ளத்தாக்குல 1959-ல மேரி லீக்கிங்கற அம்மா ஒரு மண்டையோட்டைக் கண்டுபிடிச்சாங்க. நம்ம நேர்பாட்டன் இல்லை, பங்காளி வகையறான்னு வெச்சுக்கலாம். கடைவாய்ப்பல் அவ்வளவு பெருசு, அதனால கொட்டை உடைக்கிற மனுஷன்னே பேர் வெச்சுட்டாங்க. 2011-ல அந்த இனத்தோட பல்லைச் சோதிச்சப்போ கதை மாறிடுச்சு. சோளம், கரும்பு, கோரை இதெல்லாம் ஒரு வகை. நெல்லு, மரத்துப் பழம் எல்லாம் வேற வகை. எதைத் தின்னோமோ அதோட அடையாளம் பல்லுல நின்னுடும். பங்காளி பெரும்பாலும் தின்னது மரத்துக் கொட்டையை இல்லை, புல், கோரை வகையைத்தான். அதுலயும் நம்ம கோரைக்குத் தம்பி மாதிரி ஒண்ணு இருக்கு, கிழங்கு இனிப்பா இருக்கும். அதையே தின்னிருப்பான்னு 2014-ல ஒரு ஆராய்ச்சியாளர் சொன்னாங்க. கென்யாவுல குரங்குங்க அதைத் தோண்டித் தின்னுறதை வெச்சு அவங்க போட்ட கணக்குப்படி, ரெண்டரை, மூணு மணி நேரம் தோண்டினா அன்னைக்குத் தேவையானதுல 80 சதவீதம் கிடைச்சிடும். எங்க களையெடுப்பு ஆளுங்களுக்கு அதைவிட அதிக நேரம் வேலை.

இதையெல்லாம் படிச்சப்போ எனக்கு டவுன் பேலியோ ஞாபகம்தான் வந்துச்சு. ஆதிமனுஷன் கறி தின்னான், அதனால கிழங்கைத் தொடாதேங்கறாங்க. உங்க உடம்பு குறைஞ்சா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா பாட்டன் பேரை இழுக்காதீங்க. எலும்பு மண்ணுல கிடக்கும், கிழங்கும் கீரையும் மக்கிப் போயிடும், அதனாலதான் பாட்டன் வேட்டைக்காரனா மட்டும் தெரியறான். தென்னாப்பிரிக்காவுல பார்டர் குகைன்னு ஒண்ணு, அங்கே 1,70,000 வருஷத்துப் பழைய சாம்பல்ல கருகின கிழங்கு அப்படியே கிடைச்சுது. நம்ம நிலப்பனைக்குச் சொந்தக்காரச் செடியோட கிழங்கு. வெளியே தோண்டி, குகைக்குக் கொண்டுவந்து, சுட்டிருக்காங்க.

எனக்கு உறுத்தறது வேற ஒண்ணு. போன வருஷம் ஆள் கிடைக்கலைன்னு வரப்பெல்லாம் களைக்கொல்லி அடிச்சேன். எல்லாம் காஞ்சு போச்சு. மழைக்குப் பிறகு பக்கத்து வீட்டு அத்தை மடியைச் சுருட்டிக்கிட்டு வந்தாங்க, வெறுங்கையோட திரும்பினாங்க.

"ஏப்பா, வரப்புல ஒரு பண்ணைக்கீரை இல்லை, சாரணை இல்லை. மருந்தடிச்சியா?"

ஆமான்னு சொல்ல எனக்கு வாய் வரலை. காசு கொடுக்காம அவங்க ஆக்குற குழம்பு அது. கோரை மறு மாசமே தலைநீட்டிடுச்சு, கீரைதான் வரலை. களைன்னு ஒரே பேரை வெச்சு எல்லாத்தையும் சுட்டது நான்தான்.

இந்த வருஷம் வரப்புக்கு மருந்து இல்லை. காட்டுக்குள்ள கோரையைக் கையாலதான் எடுக்கறோம், கூலி இடிக்குது. நேத்து ஒரு கிழங்கைக் கழுவி வாயில போட்டுப் பார்த்தேன். கசப்பு, குளியல் பொடி வாசம். பங்காளிக்குக் கிடைச்ச இனிப்பு வகை இது இல்லை. அத்தைகிட்ட நீட்டினேன், "நீயே தின்னு"ன்னுட்டாங்க.