சாமி படத்துக்குப் பின்னாடி ஒரு மாத்திரை அட்டை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸ்ல ஆணி புடுங்குற நேரத்துல படிக்கிறவங்க, மேனேஜர் வர்றாரான்னு ஒரு கண்ணு வெச்சுக்கோங்க.

போன வாரம் சக பதிவர் ஒருத்தர் விமானிகளைப் பத்திப் பொங்கியிருந்தார். சுகர், பி.பி., மனசு சரியில்லைன்னு எது இருந்தாலும் அன்னிக்கே லைசன்சைப் புடுங்கணும், 180 உயிரோட விளையாடக் கூடாதுங்கறதுதான் சாரம். பின்னூட்டத்துல வரிசையா "ரிப்பீட்டே" போட்டுட்டுப் போயிருந்தாங்க. ரெண்டு வருஷம் முன்னாடியா இருந்தா நானும் ஒரு ரிப்பீட்டே போட்டிருப்பேன். இப்ப போட முடியலை. ஏன்னு சொல்றேன்.

முதல்ல கோழிக்கோடு. 2020 ஆகஸ்ட் 7, ராத்திரி, கொட்டற மழை. துபாய்லேருந்து 190 பேரோட வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344, மேட்டு மேல இருக்கற ஓடுபாதையில பாதி தூரம் தாண்டித் தரை தொட்டு, நிக்காம ஓடி, பள்ளத்துல விழுந்து உடைஞ்சுது. ரெண்டு விமானிகளையும் சேர்த்து 21 பேர் போயிட்டாங்க. 2021 செப்டம்பர்ல விசாரணை அறிக்கை வந்துச்சு. முக்கியக் காரணம்: விமானம் சீரா இறங்காதப்பவும் விதியை மீறி இறங்கினது, துணை விமானி "கோ அரவுண்ட்"னு சொன்ன பிறகும் மேலே ஏத்தாதது. நாளிதழ் எல்லாம் இதோட நிறுத்திட்டாங்க.

ஆனா பங்களிச்ச காரணங்கள்னு தனியா ஒரு பட்டியல் இருக்கு. அதுல ஒண்ணு: கேப்டன் தீபக் சாத்தே, டாக்டர் எழுதிக் கொடுக்காத பல சர்க்கரை மாத்திரைகளைச் சாப்பிட்டு வந்திருக்கார். அதனால ரத்தச் சர்க்கரை லேசா இறங்கி, சிக்கலான முடிவு எடுக்கற திறன் கொஞ்சம் மங்கியிருக்கலாம்னு அறிக்கை சொல்லுது. கவனிங்க, "இருக்கலாம்". சர்க்கரையாலதான் விழுந்துச்சுன்னு யாரும் சொல்லலை. அதே அறிக்கை இன்னொண்ணும் சொல்லுது. கோழிக்கோட்டுல போதுமான கேப்டன்கள் இல்லை, அடுத்த நாள் காலையில ஒரு விமானத்தையும் அவர்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு, அதனால வேற ஊருக்குத் திருப்பாம அங்கேயே இறங்கணும்கிற உந்துதல் இருந்திருக்கலாம்.

அவர் ஏன் கூடுதலா மாத்திரை போட்டார்னு நான் சொல்ல மாட்டேன். போனவர் மனசுக்குள்ள புகுந்து பார்க்க நான் யாரு? ஆனா அவருக்கு முறையா மெடிக்கல் நடந்துச்சு, சர்டிபிகேட் இருந்துச்சு. பையில இருந்த மாத்திரைகள்ல பாதிக்கு மேல அந்தச் சர்டிபிகேட்டுக்குத் தெரியாது. என் கேள்வி இதுதான்: நாம இவ்வளவு கண்டிப்பா வெச்சிருக்கற சோதனை எதைச் சோதிக்குது?

விமானி ஒரு வருஷத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோதான் டாக்டர் முன்னாடி நிக்கறார். ஈ.சி.ஜி., கண்ணு, காது, ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்க்கறாங்க. பாக்கி 363 நாளைக்கு என்ன பாதுகாப்பு? உடம்பு சரியில்லைன்னு தனக்கே தெரிஞ்சா விமானி பறக்கக் கூடாதுன்னு சர்வதேச விதி இருக்கு. அதாவது 363 நாளும் நம்மளைக் காப்பாத்தறது அந்த ஆளோட வாய்தான். "இன்னிக்கு எனக்கு முடியலை" அப்படின்னு அவர் சொல்லணும். நம்ம பதிவர் நண்பர் கேக்கறது, அந்த வாயைத் திறந்தா சோத்துல மண்ணு போடணும்னு.

நான் பொட்டி தட்டறவன். எங்க தொழில்ல சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம் ஒண்ணு உண்டு. பக் இருக்குன்னு சொல்றவனை வேலையை விட்டுத் தூக்கினா பக் குறையாது, பக் ரிப்போர்ட்தான் குறையும். டாஷ்போர்டு பச்சையா ஜொலிக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துக்கும்.

கற்பனையா பேசறேன்னு நினைக்காதீங்க. 2022ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல 3,765 விமானிகளைக் கேட்டாங்க. சர்டிபிகேட் போயிடுமோன்னு பயந்து டாக்டர்கிட்ட போறதைத் தவிர்த்தது, இல்ல டாக்டர்கிட்ட முழுசா சொல்லாம விட்டது உண்டுன்னு 56 சதவீதம் பேர் ஒத்துக்கிட்டாங்க. பாதிக்கு மேல!

2015 மார்ச் 24 ஜெர்மன்விங்ஸ் விபத்து எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். துணை விமானி வேணும்னே ஆல்ப்ஸ் மலையில மோதி, அவரையும் சேர்த்து 150 பேர். அவர் வீட்டுல, அன்னிக்கு வேலைக்குப் போகக் கூடாதுன்னு டாக்டர் எழுதின சீட்டு கிழிச்சுப் போட்டுக் கிடந்துச்சு. பிரெஞ்சு விசாரணைக் குழு அவரை நியாயப்படுத்தலை, நானும் படுத்தலை. ஆனா அவர் ஏன் வெளியே சொல்லலைங்கறதுக்கு அவங்க எழுதின காரணத்தைப் பாருங்க: பறக்கற உரிமை போயிடும்கிற பயம், போனா வருமானத்துக்கு ஈடு கட்டற காப்பீடு சரியா இல்லாதது. அத்தனை உயிர் போன அறிக்கையில காப்பீட்டைப் பத்தி எழுத வேண்டி வந்திருக்கு!

சரி, சிங்கவரத்துக்கு வருவோம்.

எங்க ஊர் செஞ்சிக்குப் பக்கத்துல. பாறையைக் குடைஞ்சு வெச்ச பள்ளிகொண்ட ரங்கநாதர் இருக்கற மலைக்குக் கீழதான் சித்தப்பா வீடு. சித்தப்பா லாரி ஓட்டறார், இருபது வருஷமா. நெல் லோடு, மல்லாட்டை லோடு, செங்கல்னு எது கிடைச்சாலும். ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கலுக்குப் போனப்ப, செஞ்சி வரைக்கும் அவர் வண்டியில ஏறிக்கிட்டேன். கண்ணாடிக்கு மேல ரங்கநாதர் படம் லேசா முன்னாடி தள்ளிக்கிட்டு நின்னுச்சு. சரி பண்ணலாம்னு தொட்டா, பின்னாடியிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்துச்சு. கிளிமிபிரைட்.

"டேய், சித்திகிட்ட சொல்லிடாத"ன்னார்.

"என்ன சித்தப்பா, சுகரா?"

"நாலு வருஷமா இருக்கு. முதலாளிக்குத் தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவான்டா. லைசன்ஸ் எழுதும்போதும் வில்லங்கம் வரும்."

அப்புறம் மெதுவா இன்னொண்ணு சொன்னார். ஒரு தடவை திண்டிவனம் தாண்டி ராத்திரி போயிட்டிருக்கும்போது சாப்பாடு தள்ளிப்போயிடுச்சாம். கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, எதிர்ல வர்ற விளக்கு ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சிருக்கு. ஓரங்கட்டி நிறுத்தி, கிளீனர் பையன் வெச்சிருந்த ஜூஸ் பாட்டிலைக் குடிச்சு, அரை மணி நேரம் ஸ்டியரிங்கில தலை சாய்ச்சு உக்காந்திருக்கார். அந்தப் பையனுக்கே என்னன்னு சொல்லலை, "பித்தம்"னுட்டார்.

அந்த வகை மாத்திரை, நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு பார்க்காது. கணையத்தைப் போட்டு விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு தப்பினா சர்க்கரை தடால்னு இறங்கும். நேரத்துக்குச் சாப்பிட முடியாத வேலைக்கு வேற மாத்திரை மாத்தித் தர முடியுமான்னு டாக்டரைக் கேக்கணும். ஆனா சித்தப்பா டாக்டரைப் பார்க்கவே இல்லை! மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கிப் போட்டுட்டிருந்தார். 2021லேருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. அதையும் வேணாம்னுட்டார். வாசலுக்கு வந்தா தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிஞ்சா முதலாளிக்குத் தெரியும்.

அவரோட மெடிக்கல் சர்டிபிகேட்? இருக்கு. கனரக வண்டி லைசன்ஸ் புதுப்பிக்க படிவம் 1ஏ-ன்னு ஒண்ணு, டாக்டர் கையெழுத்தோட வேணும். நிறம் தெரியுதா, 25 மீட்டர் தூரத்துல நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுதா, மாலைக்கண் இருக்கா, காது கேக்குதான்னு எல்லாம் கேட்டிருக்கும். அவர் போன இடத்துல ரெண்டு நிமிஷத்துல கையெழுத்து ஆயிடுச்சாம். டாக்டர் தலையை நிமிர்ந்தே பார்க்கலையாம்.

விமானிக்கு உலகத்துலேயே கடுமையான சோதனை. லாரி டிரைவருக்கு சோதனையே இல்லை. ரெண்டும் வந்து நிக்கறது ஒரே இடத்துல: சாமி படத்துக்குப் பின்னாடி ஒரு மாத்திரை அட்டை. ஏன்னா ரெண்டு பேருக்கும் நோயைச் சொன்னா கிடைக்கற பரிசு ஒண்ணுதான், வருமானம் போறது. விமானிக்குப் படிப்புச் செலவு மட்டும் அரைக்கோடிக்கு மேல, பல பேருக்கு அது வீட்டை அடமானம் வெச்ச கடன். சித்தப்பாவுக்கு வட்டிக் கடன். தொகைதான் வேற, தூக்கம் வராத ராத்திரி ஒண்ணுதான்.

"அப்ப நோயாளிங்களைப் பறக்க விடச் சொல்றியா?"ன்னு பின்னூட்டத்துல வரும். இப்பவே பதில் சொல்லிடறேன்.

பிரிட்டன்ல 2012லேருந்து, இன்சுலின் போடற விமானிகளையே (மாத்திரை இல்லை, இன்சுலின்!) நிபந்தனையோட பறக்க விட்டாங்க. பறக்கறதுக்கு முன்னாடி விரல்ல குத்திப் பார்க்கணும், பறக்கும்போது மணிக்கு ஒரு தடவை, இறங்க அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு தடவை. அளவு 90க்கும் 270க்கும் நடுவுல இருந்தா பச்சை. இறங்கினா சர்க்கரை எடுத்துக்கணும், ரொம்ப இறங்கினா கட்டுப்பாட்டைப் பக்கத்து விமானிகிட்ட கொடுத்துடணும். 49 விமானிகளோட 38,621 அளவுகளைப் பார்த்ததுல 97.69 சதவீதம் பச்சை. சிவப்புல இறங்கினது 48 தடவை. யாரும் மயங்கி விழலை. அமெரிக்காவும் 2019 கடைசியில இதே மாதிரி கதவைத் திறந்துச்சு.

எதனால முடிஞ்சுது? பக்கத்து சீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும். ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை. தெரிஞ்ச சர்க்கரையோட பறக்கறவரா, தெரியாத சர்க்கரையோட பறக்கறவரா, யார் ஓட்டற விமானத்துல உங்க அம்மாவை ஏத்துவீங்க? இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை இருக்குன்னு 2023ல ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்லிடுச்சு. அதுல விமானிகளும் டிரைவர்களும் இருக்கத்தான் செய்வாங்க. நாம முடிவு பண்ண வேண்டியது அவங்க இருக்கணுமாங்கறதை இல்லை, நமக்குத் தெரிஞ்சு இருக்கணுமாங்கறதை.

அடுத்த ஆட்சேபம்: "சம்பளம் உத்தரவாதம்னா எல்லாரும் பொய் சொல்லி உக்காந்துக்குவாங்க." அப்படியா? ரயில்வேயைப் பாருங்க. லோகோ பைலட் மெடிக்கல்ல தேறலைன்னா வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க, வேற வேலை கொடுப்பாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தோட 20வது பிரிவு, அரசு ஊழியர் வேலையில இருக்கும்போது குறைபாடு வந்தா அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாதுங்குது. தெலுங்கானா அரசு பஸ் டிரைவர் ஒருத்தரை நிறம் சரியாத் தெரியலைன்னு வீட்டுக்கு அனுப்பினாங்க. அவருக்கு வேற வேலை கொடுன்னு 2025 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. இவ்வளவு இருந்தும் லோகோ பைலட் எல்லாம் பொய் சொல்லிட்டு உக்காந்துட்டாங்களா? ரயில் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? தனியார் விமானிக்கும் லாரி டிரைவருக்கும் மட்டும் அந்த வலை ஏன் இல்லை?

மனசு விஷயம் இன்னும் மோசம். 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்கு நாலு நாள் கழிச்சு, ஒரே நாள்ல 112 ஏர் இந்தியா விமானிகள் உடம்பு சரியில்லைன்னு லீவு சொன்னாங்க. நாடாளுமன்றத்துல சொன்ன கணக்கு இது. "பயந்தாங்கொள்ளிங்க"ன்னு கிண்டலடிச்சவங்களைப் பார்த்தேன். என்னைக் கேட்டா, அந்த 112 பேரும் சரியானதைத்தான் செஞ்சாங்க. அதுக்குள்ள டிவிக்காரங்க, இறந்துபோன கேப்டனோட மனநிலைக்கு ஸ்டூடியோவிலேயே வைத்தியம் பார்த்தாங்க. அவர் மேல யாரும் பழி போட முடியாதுன்னு அவரோட வயசான அப்பாவுக்கு உச்ச நீதிமன்றம் நவம்பர்ல சொல்ல வேண்டி வந்துச்சு. இதையெல்லாம் பார்த்த எந்த விமானி இனிமே தூக்கம் வரலைன்னு ஒரு கவுன்சிலர்கிட்ட போவார்? விமானிகளுக்கு சக விமானிகளே உதவற ஏற்பாடு வேணும்னு டி.ஜி.சி.ஏ. 2023லேயே சுற்றறிக்கை விட்டாச்சு. நாம கிண்டலடிச்சா அந்தக் கதவைத் தட்ட யார் வருவாங்க?

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்லை. நோயைத் தானா சொன்னவருக்கு, சிகிச்சை முடியற வரைக்கும் சம்பளம். திரும்பவே முடியலைன்னா காப்பீடு, அதோட பிரீமியம் கம்பெனி செலவு. சிமுலேட்டர் பயிற்சி, ரோஸ்டர், பாதுகாப்புப் பிரிவுன்னு தரையில ஒரு வேலை. மறைச்சவருக்குத் தண்டனை கொடுங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா சொன்னவரையும் மறைச்சவரையும் ஒரே தட்டுல வெச்சா, அடுத்தவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? லாரிக்காரங்களுக்கு, படிவம் 1ஏ-ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு சர்க்கரைப் பரிசோதனை, அதோட முடிவுக்கு வேலையை விட்டுத் தூக்கறது இல்லைங்கற உறுதி.

சித்தப்பாவை ஒருவழியா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். மாத்திரையை மாத்தினாங்க. சித்திக்கும் சொல்லியாச்சு (நாலு நாள் பேசலை, அப்புறம் சரியாயிட்டாங்க). முதலாளிக்கு மட்டும் இன்னும் சொல்லலை. சொல்லுங்கன்னு நானும் சொல்லலை. வேலை போனா மாசாமாசம் என்னால எவ்வளவு அனுப்ப முடியும்னு கணக்குப் போட்டுப் பார்த்துட்டுதான் வாயை மூடிக்கிட்டேன். இவ்வளவு எழுதற நானே!

பி.கு: அந்தப் பதிவர் நண்பர் மேல தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. எதிர்ப்பதிவு போட்டா சுட்டி கொடுங்க, வந்து படிக்கறேன். கும்மி அடிக்கறவங்க வழக்கம் போல அடிக்கலாம்.